‘லீக்கேஜ்’ என்று சொல்லிவிட்டீர்கள். இனி என்ன செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட். தீபாவளிக்கு நான்கு நாள் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். வாஷ்பேசினுக்கு அடியில் இருந்த கனெக்‌ஷன் ட்யூப் பிய்த்துக்கொண்டுவிட்டது. மூன்றாம் நாள் காலை படிக்கட்டில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்த வாட்ச்மேன் மொட்டைமாடியில் வால்வை மூடியிருக்கிறார். படுக்கையறை அலமாரிகள், சமையலறைக் கீழ்ப்பெட்டிகள், மரக்கட்டில், வாஷிங் மெஷின், பீரோவின் அடித்தட்டில் இருந்த புடவைகள் எல்லாம் நனைந்துவிட்டன. கீழ்வீட்டு ஜிப்சம் சீலிங்கும் தொங்குகிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்து "வீட்டில் வாட்டர் லீக்கேஜ்" என்றீர்கள். "லீக்கேஜுக்கு கவர் கிடையாது" என்று பதில் வந்தது. நாளை கொத்தனார் வருகிறார், இனி கிளெய்முக்கு முயற்சி செய்வதில் பயன் உண்டா என்று கேட்கிறீர்கள்.

உண்டு. போனில் ஒருவர் சொன்னது முடிவு ஆகாது. ஆனால் கொத்தனாரை நாளைக்கு வரச் சொல்லாதீர்கள். பிய்ந்த ட்யூபை பிளம்பர் எங்கே போட்டார் என்று இப்போதே தேடுங்கள். இன்று இரவே கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். இந்த மூன்றும் முடிந்தபிறகு மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

நான் சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இன்சூரன்ஸ் சர்வேயராக, அதாவது சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடுபவராக, வேலை பார்த்தவன். தண்ணீர் சேதத்தில் பணம் கிடைக்காமல் போன வீடுகளில் பெரும்பாலானவை தவறான பாலிசியால் தோற்கவில்லை. சர்வேயர் போய்ச் சேரும்போது வீடு பளிச்சென்று கழுவி, நனைந்ததெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டிருக்கும். இல்லாவிட்டால் முதல் போனில் சொன்ன ஒரு சொல் படிவம் முழுக்கப் பரவியிருக்கும். உங்களுக்கு இரண்டாவது நடந்துவிட்டது. முதலாவது நடக்காமல் பார்த்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

அந்தச் சொல்லைப் பற்றி முதலில். நாம் எல்லாவற்றையும் லீக்கேஜ் என்றுதான் சொல்வோம். குழாய் சொட்டினாலும் லீக்கேஜ், வெடித்தாலும் லீக்கேஜ். பாலிசி மொழியில் இவை இரண்டு வேறு விஷயங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நாட்டிலுள்ள பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியைக் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. அதில் தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றோடு தண்ணீர்த் தொட்டி, தண்ணீர்ச் சாதனங்கள், குழாய்கள் ‘வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ’ ஏற்படும் சேதமும் சேர்ந்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது அதுதான். மாதக்கணக்கில் சுவருக்குள் ஊறி ஓதம் காத்துப் பெயிண்ட் உரிவது வேறு. அதைப் பராமரிப்புக் குறை, தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கால் சென்டரில் இருப்பவர் ‘லீக்கேஜ்’ என்று கேட்டதும் இந்த இரண்டாவது பெட்டியில் போட்டுவிட்டார்.

ஆகவே மெயிலில் அந்தச் சொல்லே வர வேண்டாம். பொய் எழுதச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு எழுதுங்கள். ஏறத்தாழ இப்படி:

"எங்கள் வீடு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பூட்டியிருந்தது. வாஷ்பேசின் தண்ணீர் இணைப்புக் குழாய் திடீரென உடைந்து, மேல்தொட்டித் தண்ணீர் முழு அழுத்தத்தில் வீட்டுக்குள் பாய்ந்தது. இந்த நாள் காலை இத்தனை மணிக்குக் குடியிருப்புக் காவலர் கவனித்து வால்வை மூடினார். தரை முழுவதும் தண்ணீர் நின்றதால் கட்டடத்துக்கும் உள்பொருட்களுக்கும் சேதம். தொலைபேசியில் நான் ‘லீக்கேஜ்’ என்று சொன்னது பேச்சுவழக்கில் சொன்னது. நடந்தது குழாய் உடைப்பு. உடைந்த குழாயைப் பத்திரமாக வைத்துள்ளேன். சர்வேயரை அனுப்பக் கோருகிறேன். காயக் காய வெளிப்படும் சேதங்களைப் பின்னர் தெரிவிப்பேன்."

கடைசி வரி முக்கியம். பிளைவுட் முதல் நாளே தன் சேதத்தைக் காட்டாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் அடிப்பாகம் உப்பும், லேமினேட் பிரியும், கதவு மாட்டாது. அந்த வரியை முன்பே எழுதி வைத்திருந்தால் பிற்பாடு சேர்ப்பதற்கு யாரும் முகம் சுளிக்க முடியாது. மெயிலுக்குப் பதிலாக வரும் கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுப்பதாக இருந்தால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

சரி, சர்வேயர் வந்தால் எதைப் பார்ப்பார்? அவர் உங்கள் வாயைவிட உங்கள் சுவரைத்தான் அதிகம் நம்புவார். நானும் அப்படித்தான் இருந்தேன். நாள்பட்ட கசிவு தன் கையெழுத்தை விட்டுவைக்கும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். பழுப்பு நிறத்தில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வளையங்கள் தெரியும், ஒவ்வொரு வளையமும் ஒருமுறை நனைந்து காய்ந்ததன் அடையாளம். பூஞ்சை ஒரு மூலையில் மட்டும் கருத்துத் தடித்திருக்கும். பெயிண்ட் உரிந்த இடத்துக்கு உள்ளே இன்னொரு பழைய பெயிண்ட் பூச்சும் உரிந்திருக்கும்.

குழாய் உடைந்து நின்ற தண்ணீர் வேறு மாதிரி. அறை முழுவதும் ஒரே மட்டத்தில் ஒரு கோடு. எல்லா அலமாரிக்கும் அடியில் ஒரே உயரத்துக்கு உப்பல். கட்டில் காலிலும், கதவு நிலையிலும், வாஷிங் மெஷின் அடித்தட்டிலும் அதே இரண்டு மூன்று அங்குலம். ஒரு டேப்பை வைத்து நாலு இடத்தில் அந்த உயரத்தை அளந்து, டேப் தெரியும்படி படம் எடுங்கள். ஒவ்வோர் அறையையும் வாசலில் தொடங்கி ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். இதைவிட வலுவான சாட்சி கிடையாது. கொத்தனார் வந்து புட்டி அடித்தால் முதலில் மறைவது இந்தக் கோடுதான், அதனால்தான் அவரை நிறுத்தச் சொன்னேன்.

‘திடீரென’ என்பதை நிரூபிக்க உங்கள் அபார்ட்மென்ட்டே உதவும். சம்ப் மோட்டார் வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடும் என்பது வாட்ச்மேனுக்கு அத்துப்படி. அந்த இரண்டு நாளில் மேல்தொட்டி ஏன் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று அவர் குழம்பியிருப்பார். மோட்டார் போட்ட நேரத்தை நோட்டில் எழுதும் வழக்கம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். கூடுதலாகத் தண்ணீர் லாரி வாங்கியிருந்தால் அந்த பில். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் "படிக்கட்டில் தண்ணி வருது, யார் வீடு?" என்று யாராவது கேட்டிருப்பார்கள், அதை நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாட்ச்மேனிடமும் செயலாளரிடமும் நாலு வரி எழுதி வாங்குங்கள். நான் பார்த்த ஒரு கிளெய்மில், இது பழைய கசிவா புதிய உடைப்பா என்ற வாக்குவாதத்தை முடித்துவைத்தது ஒரு வாட்ச்மேனின் நோட்டுப்புத்தகம்தான்.

இப்போது ட்யூப். பிளம்பர் அதைப் பையோடு தூக்கிப் போயிருந்தால் போன் செய்து திரும்ப வாங்குங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பிளம்பரிடம் ரசீது வாங்கும்போது "பழைய பைப் மாற்றியது" என்று எழுத விடாதீர்கள். எங்கே, எது, எப்படி உடைந்திருந்தது, என்ன மாற்றினார் என்று அவர் கண்டதை எழுதச் சொல்லுங்கள். சென்னையில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. அது பித்தளை நட்டையும் பின்னல் கம்பியையும் அரித்துவிடும். சர்வேயர் அதைப் பார்த்து "இது தேய்மானம்" என்று சொல்லக்கூடும். அப்போது பதற வேண்டாம். தேய்ந்தது ட்யூப். அந்த ட்யூபின் விலையைக் கழித்துக்கொள்ளட்டும், அது சில நூறு ரூபாய். அது திடீரென உடைந்து பாய்ந்த தண்ணீர் அலமாரியை நாசம் செய்தது தேய்மானம் ஆகாது. இந்த வேறுபாட்டை அமைதியாக, எழுத்தில் சொல்லுங்கள்.

வீடு பூட்டியிருந்ததை ஒளிக்காதீர்கள். நான்கு நாள் ஊருக்குப் போவது எல்லாக் குடும்பமும் செய்வது. தொடர்ந்து முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால்தான் பல பாலிசிகளில் கேள்வி எழும்.

அடுத்தது, உங்களிடம் இருப்பது எந்த பாலிசி என்பது. வீட்டுக்கடன் வாங்கும்போது பேங்கில் "இன்சூரன்ஸும் போட்டாச்சு" என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். சில சமயம் அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடாக இருக்கும். நீங்கள் இறந்தால் கடன் அடையும், வீடு நனைந்தால் ஒரு பைசா வராது. வீட்டுக் காப்பீடாகவே இருந்தாலும் கட்டடத்துக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். பேங்க் பெயரும் அதில் சேர்ந்திருந்தால் இழப்பீடு பேங்க் வழியாகத்தான் வரும், அதனால் கிளையிலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கட்டடத்துக்கு மட்டும்தான் என்றாலும் மனம் தளர வேண்டாம். சுவரோடும் தரையோடும் நிரந்தரமாகப் பொருத்தியவை கட்டடக் கணக்கில் வரும். சுவரில் அடித்த அலமாரி, சமையலறைப் பெட்டிகள், ஒயரிங், கதவு நிலை எல்லாம் அதில் கேட்கலாம். உங்கள் பட்டியலில் பெரிய தொகை இவற்றில்தான் இருக்கிறது. கட்டில், வாஷிங் மெஷின், புடவை ஆகியவை உள்பொருள். கட்டடம், உள்பொருள் இரண்டுக்கும் பாரத் கிருஹ ரக்‌ஷா எடுத்திருந்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், பொது உள்பொருட்களுக்குத் தானாகவே உண்டு. கட்டடம் 30 லட்சத்துக்கு என்றால் உள்பொருளுக்கு 6 லட்சம். துணிமணிகளும் இதில் அடக்கம். நகை, வெள்ளி, ஓவியம் போன்றவைதான் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியவை. ஆக அம்மாவின் பட்டுப்புடவைகளை "துணிதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

பட்டியலை ஒரு தாளில் எழுதுங்கள்: பொருள், எந்த ஆண்டு வாங்கியது, அன்றைய விலை, இன்று அதே மாதிரி வாங்க என்ன விலை, என்ன சேதம், என்ன ஆதாரம். பில் இல்லாத பொருளுக்கு வேறு வழி இருக்கிறது. கார்டு ஸ்டேட்மென்ட், ஆன்லைன் ஆர்டர் பட்டியல், கிரகப்பிரவேச ஆல்பம். பின்னணியில் அந்தக் கட்டிலும் அலமாரியும் நின்றுகொண்டிருக்கும் பிறந்தநாள் படம்கூட ஆதாரம்தான். கல்யாணச் சீராக வந்த பொருட்களுக்கு யாரிடம் பில் இருக்கும்? அந்த வீடியோ இருக்கிறதே. 2024-இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை, ஆவணம் இல்லை என்ற காரணத்தால் மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்கிறது. கிளெய்முக்கு நேரடியாகத் தேவையானதை மட்டுமே கேட்கலாம்.

கூட்டி எழுதவும் வேண்டாம். ஒரு பொருளில் பொய் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், ஏமாற்று என்று நிரூபணமானால் முழு கிளெய்மும் போகும். நனையாத மேல்தட்டுப் புடவையைப் பட்டியலில் சேர்த்து, நியாயமாக வர வேண்டியதையும் இழந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

வாஷிங் மெஷினை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று சுவிட்ச் போடாதீர்கள். ஷாக் அடிக்கும் ஆபத்து முதல் காரணம். ஷார்ட் சர்க்யூட்டால் ஒரு மின்சாதனம் தானே கெட்டுப்போனால் அது விதிவிலக்கில் வரும் என்பது இரண்டாவது. தண்ணீரால் கெட்டதா நீங்கள் ஓட்டியதால் கெட்டதா என்ற குழப்பத்துக்கு இடம் தர வேண்டாம். கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழைத்து, சீரியல் எண்ணோடு, தண்ணீர் புகுந்த இடத்தைக் குறிப்பிட்டு, பழுதுபார்க்கும் செலவு எவ்வளவு அல்லது பழுதுபார்க்க முடியாது என்று எழுதி வாங்குங்கள்.

வீட்டைக் காயவைப்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். தப்பில்லை, சேதம் பெருகாமல் தடுப்பது உங்கள் கடமை. ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். ஆனால் அதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நனைந்த பாயின்ட்டுகளைச் சோதிக்க வைப்பது அவசியம். அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள், புடவைகளை நிழலில் விரியுங்கள். துடைக்கலாம், காயவைக்கலாம், நகர்த்தலாம். தூக்கிப் போடக் கூடாது, விற்கக் கூடாது. உப்பிப்போன கட்டில் பலகைக்கும் ஒரு மிச்ச விலை போட்டுக் கழிப்பார்கள். பொருளே இல்லையென்றால் சர்வேயர் எதைப் பார்த்துக் கணக்குப் போடுவார்? பால்கனியில் ஒரு மூலையில் அடுக்கி வையுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

கொத்தனார், ஆசாரி, பெயிண்டர் மூவரிடமும் மதிப்பீடு வாங்குங்கள். "மொத்தம் 2 லட்சம்" என்ற துண்டுச்சீட்டு எதற்கும் உதவாது. எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, எத்தனை கோட், எந்த வகை பிளைவுட், சதுர அடிக்கு என்ன விலை என்று பிரித்து எழுதியிருந்தால் சர்வேயர் வெட்டுவதற்கும் காரணம் தேட வேண்டும்.

2024 விதிகளின்படி தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அவர் வரும்போது நீங்கள் வீட்டில் இருங்கள். பட்டியலில் ஒரு நகலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பேசியதையெல்லாம் அன்று மாலையே "இன்று நீங்கள் பார்த்தவை, நான் கொடுத்தவை" என்று ஒரு மெயிலாக அனுப்பிவிடுங்கள். அவர் அறிக்கையின் நகலை நீங்கள் கேட்டு வாங்கலாம். பலருக்கு இது தெரியாது.

கீழ்வீட்டுக்காரர் விஷயம் கொஞ்சம் நுட்பமானது. அவர் சீலிங் உங்கள் பாலிசியின் அடிப்படைக் காப்பில் வராது, அது உங்கள் வீட்டுக்கு மட்டும்தான். அவருக்கு வீட்டுக் காப்பீடு இருந்தால் அவர் தன் பாலிசியில் கேட்கலாம். நேரில் போய்ப் பார்த்து, வருத்தம் சொல்லி, பிளம்பர் ரசீதின் நகலைக் கொடுங்கள், அவருக்கும் அது தேவைப்படும். பக்கத்து வீட்டு உறவு பெரிது. ஆனால் "எல்லாம் என் தவறு, முழுச் செலவும் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். அதேபோல, ட்யூப் போன மாதம்தான் மாட்டியது என்றால், மாட்டியவரிடமோ விற்ற கடையிலோ "இனி உங்கள்மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்தபிறகு காரணமானவரிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வரும். அதை நீங்கள் முன்பே விட்டுக்கொடுத்தால் உங்கள் கிளெய்மிலேயே சிக்கல் வரும்.

வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கும் உங்கள் அக்கா வீட்டுக்கும் இதே முறையா என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளத்தில் காரணத்தை நிரூபிக்கும் சிரமம் இல்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதும் ஊரறிந்தது. அங்கே பிரச்சினை ஒரே நேரத்தில் குவியும் கிளெய்ம் கூட்டம்தான். 2015-இல் நாங்கள் வீடு வீடாக ஓடியும் பலரை உரிய நேரத்தில் போய்ப் பார்க்க முடியவில்லை. அதற்குள் ஜனங்கள் சேற்றைக் கழுவியாக வேண்டும், வேறு வழியில்லை. ஆகவே கழுவும் முன் தண்ணீர்க்கோட்டைத் தெரு அடையாளத்தோடு படம் எடுத்து, மாநகராட்சியின் 1913-க்குப் புகார் செய்து அந்த எண்ணையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டை விட்டு வெளியேறிய சமயத்தில் திருட்டு நடந்தால், சேதம் நடந்த 7 நாளுக்குள் என்றால் அதுவும் பாரத் கிருஹ ரக்‌ஷாவில் உண்டு. போலீஸ் புகார் வேண்டும். காருக்கு இதில் இடமில்லை, அது மோட்டார் பாலிசி. தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாமல் டோ பண்ணச் சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு தொகை சொல்வார்கள். நீங்கள் 3 லட்சம் கேட்டிருந்தால் 1.7 என்று வரலாம். எந்தெந்த வரியில் எவ்வளவு, ஏன் குறைத்தார்கள் என்ற கணக்கைக் கேளுங்கள். பழைய பொருள் என்று தேய்மானம் கழித்திருந்தால், உங்கள் பாலிசி புதிதாக மாற்றும் செலவைத் தருவதா என்று பார்த்து அந்தப் பக்கத்தைச் சுட்டிக்காட்டுங்கள். பணம் தரும் முன் டிஸ்சார்ஜ் வவுச்சரில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று கையெழுத்துக் கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டதாலேயே கூடுதல் தொகை கேட்டு வழக்காடும் உரிமை போய்விடாது என்று ஐஆர்டிஏஐ 2015-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று ஒரு மெயிலை முன்கூட்டியே அனுப்பிவிடுவது நல்லது.

அதன்பிறகும் சரிவரவில்லை என்றால், முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். கூடவே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ பதிவு செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னை அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான இழப்பீட்டை அங்கே கேட்கலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். போகும்போது அந்த மெயில்கள், டேப்போடு எடுத்த படங்கள், வாட்ச்மேன் எழுதிய நாலு வரி, கவரில் போட்டு வைத்த அந்த ட்யூப் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.